மாதவிடாய் நிறுத்தமும் ஓமோன் சிகிச்சையும்: அளவுமீறிய நம்பிக்கையும் அளவுமீறிய அச்சமும்

தமிழிலக்கிய மரபு பெண்ணின் வாழ்க்கையை ஏழு பருவங்களாக வகுத்துள்ளது. பேதையிலே தொடங்கிப் பேரிளம்பெண்ணிலே முடியும் அப்பகுப்பை உலா நூல்களைப் பயின்றோர் நன்கறிவர். பொதுவாக வழங்கும் கணக்கின்படி பேரிளம்பெண்ணின் வயதெல்லை 40 ஆகும். அதற்கப்பாலும் வாழும் பெண்ணுக்கு அப்பகுப்பிலே பெயரில்லை. பெண்ணைக் காண்பானின் கண்கொண்டு வகுக்கப்பட்ட பருவங்களாதலின், காண்பதற்கு இனி எதுவுமில்லை என்று கருதப்பட்ட வயதோடு பெயர்களும் நின்றுவிட்டன எனலாம். வழக்காற்றிலும் இதே நிலைமையே காணப்படுகின்றது. பூப்படைதலை நீராட்டுடனும் விருந்துடனும் ஊரறியக் கொண்டாடும் எமது சமூகம், அதே உடலியக்கம் ஓயும் காலத்தைப்பற்றி வாய்திறப்பதில்லை. தாய் மகளுக்குச் சொல்வதில்லை. மனைவி கணவனுக்குச் சொல்வதில்லை. பல வேளைகளில் வைத்தியருக்கும் சொல்வதில்லை.

இம்மௌனம் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. மேனாட்டு மருத்துவத்திலும் இந்நிலைக்குரிய தனிப்பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் தோன்றியது. பிரெஞ்சு வைத்தியரான கார்டான் என்பவர் 1821இல் வெளியிட்ட நூலிலே ‘மெனொபோஸ்’ என்ற சொல்லை வழங்கினார். மாதம் என்பதற்கும் ஓய்வு என்பதற்கும் உரிய கிரேக்கச் சொற்கள் இணைந்து உருவான அச்சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. ஆனால் பெயர் கிடைத்ததும் பேச்சு வந்துவிடவில்லை. பேச்சு வந்தபோது அதைத் தொடக்கிவைத்தோர் பெரும்பாலும் அந்நிலையை அனுபவித்த பெண்களல்லர். மருந்தை ஆக்கியோரும் விற்றோரும் எழுதிக்கொடுத்தோருமே. இதனாலே ஓமோன் பிரதியீட்டுச் சிகிச்சையின் வரலாறு, அளவுமீறிய நம்பிக்கைக்கும் அளவுமீறிய அச்சத்துக்கும் இடையே ஊசலாடிய வரலாறாக அமைந்தது. ‘எனக்குத் தூக்கமில்லை, இதற்கு என்ன செய்யலாம்?’ என்று பெண் வினவினாள். மருத்துவ உலகமோ முதலில் அவளது இளமையைப்பற்றியும், பின்னர் அவளது இதயத்தைப்பற்றியும் விடையளித்துக்கொண்டிருந்தது. அவ்வரலாற்றை, அது பெரும்பாலும் நிகழ்ந்த அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் நிலைக்களனாகக் கொண்டு விளக்குவதும், சிகிச்சையைத் தொடங்க எண்ணும் ஒருவர் இன்று அறிந்திருக்கவேண்டியவற்றை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலிலே நிகழ்வது யாது என்பதை முதலில் நோக்குவோம். பெண் குழந்தை பிறக்கும்போது அவளுடைய சூலகங்களிலே பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம் வரையிலான சூற்புடைப்புகள் இருக்கும். வாழ்நாளிலே சூலை வெளியேற்றும் நிலைக்கு முதிர்பவை ஏறத்தாழ 400 மாத்திரமே. ஏனையவை படிப்படியாகச் சிதைந்தொழியும். எஞ்சியவை ஏறத்தாழ ஆயிரமாகக் குறையும்போது சூலகம் ஈஸ்திரஜனையும் புரொஜெஸ்தரோனையும் முன்போற் சுரக்க இயலாததாகின்றது. கபச்சுரப்பி இதனை உணர்ந்து, சூலகத்தைத் தூண்டும் ஓமோனை மேன்மேலும் அனுப்புகின்றது. ஆயின் பதிலளிக்கச் சூலகத்திலே புடைப்புகள் இல்லை. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருப்பின், இறுதியாக வந்ததே மாதவிடாய் நிறுத்தம் எனப் பின்னோக்கித் தீர்மானிக்கப்படும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இதன் சராசரி வயது ஏறத்தாழ 51 ஆகும். 40 வயதுக்கு முன்னரே நிகழின் அது இயல்பான மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. அதுபற்றிப் பின்னர் கூறுவோம்.

இங்கு ஒரு தவறான கருத்தைக் களையவேண்டியுள்ளது. ஈஸ்திரஜன் ஒரு சாய்வான பாதையிலே மெல்லமெல்ல இறங்குகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மையில் இறுதி மாதவிடாய்க்கு முந்திய சில ஆண்டுகளிலே அது ஒரு மாதம் மிகையாகவும் மறுமாதம் மிகக் குறைவாகவும் ஏறியிறங்கும். மாதவிடாய் நின்றபின்னரன்றி, இந்த நிலையற்ற காலத்திலேயே பல பெண்கள் அதிகம் துன்புறுகின்றனர். ஒழுங்கற்ற குருதிப்போக்கு, காரணமற்ற எரிச்சல், மறதி, விடியற்காலையிலே விழிப்பு ஆகியன 40களின் நடுப்பகுதியிலேயே தோன்றுவதால் அவை வேலைப்பளுவின் விளைவென்றோ மனநோயென்றோ பிழையாகக் கொள்ளப்படுகின்றன. 45 வயதைக் கடந்த ஒரு பெண்ணிடம் இக்குறிகள் காணப்படின், நிலையை அறிய ஓமோன் அளவைக் குருதியிலே சோதிக்கவேண்டியதில்லை என்பது பிரித்தானிய வழிகாட்டலின் கூற்று. அளவே நாளுக்குநாள் மாறும்போது ஒரு நாட் சோதனை எதை உணர்த்தும்?

திடீர் வெப்பவுணர்வே இக்குறிகளுள் மிகப் பரவலானது. நெஞ்சிலே தொடங்கி முகத்துக்கும் தலைக்கும் பரவும் சூடு, அதைத் தொடர்ந்து வியர்வை, பின்னர் குளிர் நடுக்கம் என்ற ஒழுங்கிலே சில நிமிடங்களில் அது முடிந்துவிடும். இரவிலே இது பலமுறை நிகழும்போது தூக்கம் துண்டுதுண்டாகின்றது. தூக்கமின்மையிலிருந்து சோர்வும் கவனக்குறைவும் மனத்தளர்வும் கிளைக்கின்றன. இதன் பொறிமுறை நெடுங்காலம் புலப்படாதிருந்தது. மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியிலே உடல்வெப்பத்தை ஒழுங்குசெய்யும் மையத்தின் அண்மையில், ஈஸ்திரஜனால் அடக்கப்பட்டிருக்கும் ஒருவகை நரம்புக்கலங்கள் உள்ளன. ஈஸ்திரஜன் குறையும்போது இக்கலங்கள் பருத்து மிகை இயக்கம் கொள்கின்றன என்பதை 1990களிலே நயோமி ரான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டத் தொடங்கினார். இம்மிகை இயக்கத்தினால், உடல்வெப்பம் சிறிதளவு கூடினும் பெருஞ்சூடு ஏற்பட்டதெனக் கொண்டு மூளை வியர்வையை ஏவுகின்றது. எனவே இது மனப்பிரமையுமன்று, ‘நரம்புத்தளர்ச்சி’யுமன்று, இடமும் வழியும் அறியப்பட்ட ஓர் உடலியல் நிகழ்வாகும்.

இது எத்துணைக் காலம் நீடிக்கும்? ஓரிரு ஆண்டுகளில் நீங்கிவிடும் என்று பெண்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்காவிலே பல்லினப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றின் முடிவு 2015இல் வெளிவந்தபோது, அக்காலம் நடுவளவாக 7.4 ஆண்டுகள் எனத் தெரியவந்தது. கறுப்பினப் பெண்களிடையே அது பத்தாண்டுகளைக் கடந்தது. சீன, யப்பானிய வழியினரிடையே ஐந்தாண்டளவாயிருந்தது. ‘பொறுத்துக்கொள்’ என்ற அறிவுரை எத்தனை ஆண்டுப் பொறுமையை வேண்டிநின்றது என்பது இதனாற் புலனாகும். யோனி வறட்சி, எரிவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியனவோ தாமாக நீங்குவதேயில்லை. சிகிச்சையின்றேல் காலப்போக்கிலே மிகுவனவாகும். அவற்றைப்பற்றிய மௌனமே யாவற்றிலும் ஆழமானது.

குறிகள் எல்லாச் சமூகங்களிலும் ஒரேவகையாக அனுபவிக்கப்படுவதுமில்லை. மானிடவியலாளர் மார்கரெட் லொக் 1980களிலே யப்பானில் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூல், இத்துறையிலே திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றது. வட அமெரிக்கப் பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அண்மையில் வெப்பவுணர்வு கொண்டதாகக் கூறிய அக்காலத்தில், யப்பானில் அவ்வாறு கூறியோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. அவர்களது முதன்மையான முறைப்பாடு தோள்விறைப்பு. வெப்பவுணர்வை மாத்திரம் குறிக்கும் தனிச்சொல்கூட அவர்களது அன்றாட வழக்கில் இருக்கவில்லை. பிற்பட்ட ஆய்வுகளில் யப்பானியரிடையே இவ்வளவு கூடுதலாகவே காணப்பட்டது என்பதையும் உடன் குறிப்பிடவேண்டும். சொல்லில்லாத இடத்தில் முறைப்பாடும் குறையக்கூடும் என்பது, எம்போன்ற சமூகங்களின் மௌனத்தைக் கண்டு ‘எமது பெண்களுக்கு இத்துன்பமில்லை’ என்று முடிவுகட்டுவோர் சிந்திக்கவேண்டியதாகும்.

இனி மருந்தின் வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்கரான எட்கர் அலனும் எட்வேட் டொய்சியும் 1923இலே சூலக ஓமோனின் செயலை நிறுவினர். 1929இல் டொய்சியும் செருமனியின் பூட்டெனாண்டும் தனித்தனியே அதன் ஒரு வடிவத்தைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெறப்பட்ட ‘பிரெமரின்’ என்ற குளிசை 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தொடக்கத்திலே இது கடுங்குறிகளைத் தணிப்பதற்காகச் சிறிது காலம் கொடுக்கப்பட்ட மருந்தே. 1966இல் நியூயோர்க் வைத்தியர் றொபேட் வில்சன் எழுதிய ‘என்றென்றும் பெண்மை’ என்னும் நூல் வெளிவந்ததும் நிலைமை மாறியது. நீரிழிவிலே இன்சுலின் குறைவது போன்று மாதவிடாய் நிறுத்தமும் ஓர் ஓமோன் குறைபாட்டு நோயே. ஆகவே வாழ்நாள் முழுவதும் ஈஸ்திரஜன் உட்கொள்ளவேண்டும் என்பது அவரது வாதம். சிகிச்சை பெறாத பெண்ணை உயிர்ப்பற்ற, கணவனுக்கு இன்பந்தராத பிறவியாக அந்நூல் சித்திரித்தது. பெண்ணின் துன்பமன்றி, அவளது தோற்றமும் பிறருக்கு அவள் பயன்படுதலுமே அங்கு பொருளாயின. வில்சனின் நிறுவகம் ஓமோன் உற்பத்திக் கம்பனிகளிடம் நிதி பெற்றமை பின்னர் வெளியாயிற்று. இயல்பான முதுமையை நோயாகவும், நோயை நிலையான சந்தையாகவும் மாற்றும் வணிகத்துக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

1970களின் நடுப்பகுதியிலே பிரெமரின் அமெரிக்காவில் மிகுதியாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றாயிற்று. 1975 திசெம்பரில் ஒரே மருத்துவச் சஞ்சிகையில் வெளியான இரு ஆய்வுகள், ஈஸ்திரஜன் உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு முறையே நான்கரை மடங்கும் ஏழரை மடங்கும் கூடுதல் எனக் காட்டின. எதிர்க்கும் ஓமோன் இன்றி ஈஸ்திரஜன் மாத்திரம் தொடர்ந்து தூண்டுமாயின் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே செல்லும். அதுவே இதன் காரணம். புரொஜெஸ்தரோனையோ அதையொத்த செயற்கைப் பொருளையோ உடன் சேர்த்துக் கொடுப்பின் இவ்வாபத்து நீங்கும். கருப்பையுள்ள பெண்ணுக்கு ஈஸ்திரஜனைத் தனியே கொடுத்தலாகாது என்ற விதி இவ்வாறு பிறந்ததே. பெண்கள் இயக்கங்களின் வற்புறுத்தலும் சேர, மருந்தின் ஆபத்துக்களை விளக்கும் துண்டுப்பத்திரம் நோயாளரின் கைக்கே கிடைக்கவேண்டும் என்று அமெரிக்க உணவு, ஔடத நிர்வாகம் 1977இல் விதித்தது. மருந்துற்பத்தியாளரும் மகப்பேற்று வைத்தியர் சங்கத்தினரும் அதனை நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோற்றனர் என்பது பதிவாகியுள்ள செய்தி.

வணிகத்துக்குப் புதிய நியாயம் தேவைப்பட்டது. அது இதயத்தின் வடிவில் வந்தது. 1976இலே தொடங்கிய தாதியர் சுகநல ஆய்வு போன்ற அவதானிப்பு ஆய்வுகள், ஓமோன் உட்கொள்ளும் பெண்களிடையே மாரடைப்புக் குறைவாக இருப்பதைக் கண்டன. இதனை ஆதாரமாகக் கொண்டு 1990களிலே குறிகள் அற்ற பெண்களுக்கும் இதயக் காப்பாக ஓமோன் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ஓமோனை நாடியோர் யார்? பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடையோர்; ஒழுங்காக வைத்தியரைக் காண்போர்; புகைத்தல் குறைந்தோர். அவர்களது இதயம் நன்றாயிருந்தமைக்கு மருந்து காரணமா, வர்க்க நிலை காரணமா என்பதை அவதானிப்பால் மாத்திரம் பிரித்தறிதல் இயலாது. எழுமாற்றுப் பரிசோதனை ஒன்றே அதற்கு வழி. மருத்துவ ஆய்விலே வர்க்கத்தை மறந்தால் விளையும் பிழைக்கு இதனை ஒரு பாடநூல் உதாரணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பரிசோதனையே 1990களிலே அமெரிக்க அரசின் நிதியுடன் தொடங்கப்பட்ட ‘மகளிர் சுகநல முன்முயற்சி’ ஆகும். அதன் ஒரு பிரிவிலே கருப்பையுள்ள 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டு, ஒரு பகுதியினருக்குக் குதிரை ஈஸ்திரஜனும் செயற்கைப் புரொஜெஸ்தரோனும் சேர்ந்த குளிசையும், மறுபகுதியினருக்குப் போலிக்குளிசையும் கொடுக்கப்பட்டன. எட்டரை ஆண்டுகள் நடைபெறவேண்டிய இப்பரிசோதனை, சராசரி 5.2 ஆண்டுகளில், 2002 யூலையில் இடைநிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 வீதம் கூடியது. இதயநோய் குறையவில்லை, கூடியது என்ற செய்தி உலகெங்கும் முதற்பக்கத்திலே வெளியாயிற்று. வைத்தியர்களுட் பலர் ஆய்வுக் கட்டுரை கைக்குக் கிடைக்குமுன்பே செய்தித்தாளிற் படித்த நோயாளருக்கு விடைகூற வேண்டியவராயினர்.

அந்த 26 வீதம் என்பது யாது? ஓராண்டிலே போலிக்குளிசை உட்கொண்ட 10,000 பெண்களுள் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் தோன்றியது. மருந்து உட்கொண்ட 10,000 பேருள் 38 பேருக்குத் தோன்றியது. வேறுபாடு எட்டு. அவ்வாறே மாரடைப்பு முதலிய இதயநோய் ஏழும், பாரிசவாதம் எட்டும், நுரையீரல் நாடியைக் குருதிக்கட்டி அடைத்தல் எட்டும் கூடின. பெருங்குடற் புற்றுநோய் ஆறும், இடுப்பென்பு முறிவு ஐந்தும் குறைந்தன. எட்டுப் பெண்கள் என்பது புறக்கணிக்கத்தக்க தொகையன்று. நோயற்ற ஒருவருக்குத் தடுப்பு மருந்தாக ஒன்றைக் கொடுக்கும்போது இத்துணை ஆபத்தும் ஏற்கத்தகாததே. ஆகவே, ஆரோக்கியமான முதுபெண்களுக்கு இதயக் காப்பாக இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்ற முடிவு சரியானது. இன்றும் அது மாறவில்லை.

பிழை நிகழ்ந்தது வேறோர் இடத்தில். பரிசோதனையிற் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மூவரில் இருவர் 60 வயதைக் கடந்தவர்கள். 79 வயதினரும் இருந்தனர். பெரும்பாலோருக்குக் கடுமையான வெப்பவுணர்வு இருக்கவில்லை. முதுமையிலே மருந்து இதயத்தைக் காக்குமா என்பதே பரிசோதனையின் வினா. ஆனால் அதன் விடை, இரவெல்லாம் வியர்த்து விழித்திருக்கும் 50 வயதுப் பெண்ணுக்கும் உரியதாக ஆக்கப்பட்டது. மாதவிடாய் நின்று இருபதாண்டின் பின், நாடிகள் ஏற்கெனவே தடித்த உடலிலே புதிதாக ஓமோனைச் செலுத்துவதும், சூலகம் ஓயும் வேளையிலேயே தொடங்குவதும் ஒன்றல்ல. அமெரிக்காவிலே மாதவிடாய் நின்ற பெண்களுள் 1999–2000 காலத்தில் ஏறத்தாழ 22 வீதத்தினர் ஓமோன் உட்கொண்டனர். 2009–2010 காலத்தில் அது 5 வீதத்துக்கும் குறைந்தது. கைவிட்டோருட் பலர் தேவையின்றி உட்கொண்டவராயிருக்கலாம். தேவையோடிருந்தவரும் அவர்களுடனேயே கைவிடப்பட்டனர். இதனிலும் நீடித்த தீங்கு, ஒரு தலைமுறை இளம் வைத்தியர்கள் இச்சிகிச்சையைக் கற்காமலே பயிற்சி முடித்தமையாகும்.

பின்வந்த ஆண்டுகளிலே அதே பரிசோதனையின் தரவுகள் வயதுவாரியாக மீளாராயப்பட்டன. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கியோரிடம் இதயநோய் கூடவில்லை என்பது 2007இல் வெளிப்பட்டது. பாரிசவாத ஆபத்து மாத்திரம் வயதால் அவ்வாறு வேறுபடவில்லை. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்திரஜனை மாத்திரம் உட்கொண்ட 10,739 பெண்களின் பிரிவும், பாரிசவாதம் கூடியமையால் 2004இல் நிறுத்தப்பட்டது. ஆயின் அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, நெடுங்காலத்திற் குறைந்தே காணப்பட்டது. இரு பிரிவுகளையும் சேர்த்து 18 ஆண்டுகள் நோக்கியபின், மருந்து உட்கொண்டோருக்கும் போலிக்குளிசை உட்கொண்டோருக்கும் மொத்த இறப்பிலே வேறுபாடில்லை என 2017இல் அறிவிக்கப்பட்டது.

இதனைக் கொண்டு ஊசல் மீண்டும் மறுபுறம் ஓடிவிடலாகாது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான பேராய்வின்படி, 50 வயதிலே தொடங்கி ஐந்தாண்டுகள் ஈஸ்திரஜனுடன் நாள்தோறும் புரொஜெஸ்தரோன் வகையையும் உட்கொள்ளும் 50 பெண்களுள் ஒருவருக்கு, அடுத்த இருபதாண்டுக் காலத்திலே மேலதிகமாக மார்பகப் புற்றுநோய் தோன்றும். புரொஜெஸ்தரோன் வகையை மாதத்திற் சில நாள் மாத்திரம் சேர்ப்பின் 70இல் ஒருவருக்கு. ஈஸ்திரஜன் மாத்திரமெனின் 200இல் ஒருவருக்கு. ஈஸ்திரஜனைப்பற்றி எழுமாற்றுப் பரிசோதனையும் இவ்வவதானிப்புகளும் முரண்படுகின்றன என்பதை வாசகர் கவனித்திருப்பர். அம்முரண்பாடு இன்னும் முற்றாகத் தீரவில்லை. 65 வயதுக்குப் பின் கூட்டுமருந்தைத் தொடங்கியோரிடம் மறதிநோய் கூடியதாக 2003இல் அறியப்பட்டது. எனவே இளமை காக்கவோ, இதயம் காக்கவோ, நினைவாற்றல் காக்கவோ இதனை விற்க முனைவோரின் குரல் வில்சனின் குரலேயாகும். அமெரிக்க உணவு, ஔடத நிர்வாகம் இம்மருந்துகளின் உறைகளிலிருந்த கடுமையான எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை நீக்கும் நடவடிக்கையை 2025 நவெம்பரில் அறிவித்தபோது, அவ்வறிவிப்புடன் சேர்த்து நெடுநாள் நன்மைகள் பற்றிக் கூறப்பட்டவற்றிலே இக்குரலின் சாயல் மீண்டும் கேட்கின்றது என்பது எமது எண்ணம்.

அவ்வாறாயின் இன்று சிகிச்சையைத் தொடங்க எண்ணும் பெண் எதை அறிந்திருத்தல் வேண்டும்? 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத, ஆரோக்கியமான பெண்ணுக்கு வாழ்க்கையைக் குலைக்கும் குறிகள் இருக்குமாயின், பயன் பெரும்பாலும் ஆபத்தை விஞ்சும் என்பதே துறைசார் சங்கங்களின் பொது உடன்பாடு. வெப்பவுணர்வுக்கு இதற்கு நிகரான மருந்து வேறில்லை. எழுமாற்றுப் பரிசோதனைகளிலே அதன் தடவைகள் ஏறத்தாழ முக்காற் பங்கு குறைந்தன. போலிக்குளிசையாலும் பாதிக்கு மேற் குறைந்தன என்பதையும் மறைத்தலாகாது. முறைப்பாட்டை ஒருவர் செவிமடுத்ததனாலே கிடைத்த ஆறுதலும் அதில் அடங்கியிருக்கலாம்.

மார்பகப் புற்றுநோய் கண்டவர், காரணமறியப்படாத குருதிப்போக்கு உடையவர், அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ குருதியுறைவோ ஏற்பட்டவர், ஈரல்நோய் முனைப்பாக உள்ளவர் ஆகியோருக்கு இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. ஏனையோருக்கு முதலிற் குடும்ப நோய் வரலாறு வினவப்படும், குருதியமுக்கம் அளக்கப்படும், மார்பகப் பரிசோதனை உரிய காலத்திலே செய்யப்பட்டதா என்று பார்க்கப்படும். வழியைத் தெரிதலும் முக்கியமானது. குளிசையாக உட்கொள்ளும் ஈஸ்திரஜன் முதலில் ஈரலை அடைந்து குருதியுறைவுக் காரணிகளைத் தூண்டும். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ கொடுப்பின் அவ்வழி தவிர்க்கப்படுவதால் குருதியுறைவின் ஆபத்து கூடுவதாகக் காணப்படவில்லை. ஆகவே உடற்பருமன் கூடியோருக்கும் குருதியமுக்கம் உள்ளோருக்கும் தோல்வழியே விரும்பப்படுகின்றது. மேற்சொன்ன பெரும் பரிசோதனையிலே பயன்பட்டது குதிரை ஈஸ்திரஜன் குளிசை. இன்று பரவலாகக் கொடுக்கப்படுவதோ மனிதச் சூலகம் சுரப்பதையே ஒத்த எஸ்ட்ராடயோல். கருப்பையுள்ளோருக்குப் புரொஜெஸ்தரோன் வில்லையாகவோ, கருப்பையினுள் வைக்கும் சாதனமாகவோ சேர்க்கப்படும்.

முதல் மூன்று மாதங்களிலே மார்பக நோவும் ஒழுங்கற்ற சிறு குருதிப்போக்கும் ஏற்படலாம். இவற்றைக் கண்டு அஞ்சிப் பாதியிலே கைவிடுவோர் அநேகர். முன்கூட்டியே சொல்லப்பட்டிருப்பின் பலர் தொடர்ந்திருப்பர். மூன்றாம் மாதத்திலே மீளாய்வும், பின்னர் ஆண்டுதோறும் ஒருமுறை மீளாய்வும் வழக்கம். ஆறுமாதத்தின் பின்னரும் குருதிப்போக்கு நீடிப்பின், அல்லது நின்றபின் புதிதாகத் தோன்றின், அது கட்டாயம் சோதிக்கப்படவேண்டியது. இச்சிகிச்சை கருத்தடையன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: 50 வயதைக் கடந்தவர் இறுதி மாதவிடாயின்பின் ஓராண்டும், அதற்குட்பட்டவர் ஈராண்டும் கருத்தடையைத் தொடர்தல் வேண்டும். இத்தனை ஆண்டில் நிறுத்தியேயாகவேண்டும் என்ற கட்டாய எல்லை இன்று வற்புறுத்தப்படுவதில்லை; ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் நிறுத்துப்பார்க்கும் தீர்மானமாகவே அது கொள்ளப்படுகின்றது.

யோனி வறட்சிக்குரிய சிறு அளவு ஈஸ்திரஜன் கிறீமும் வில்லையும் இக்கணக்கிற் சேராதவை. அவற்றிலிருந்து குருதியிற் கலக்கும் அளவு மிகச் சொற்பம். முழுச் சிகிச்சையின் ஆபத்துப் பட்டியலை இவற்றின் உறையிலும் அச்சிட்டமையால் அஞ்சிப் பயன்படுத்தாது துன்புற்றோர் தொகை பெரிது. மறுமுனையிலே, 40 வயதுக்குமுன் சூலகம் ஓய்ந்த பெண்கள் உள்ளனர். ஏறத்தாழ நூற்றில் ஒருவர். இவர்களுக்கு ஓமோன் விருப்பத் தெரிவு மாத்திரமன்று. ஈஸ்திரஜனின்றிப் பல்லாண்டு வாழ்வதால் என்பு நலிவும் இதயநோயும் முந்துவதால், தடை எதுவும் இல்லையேல் இயல்பான நிறுத்த வயது வரையேனும் கொடுக்கப்படவேண்டும் என்பதே வழிகாட்டல். 2002இன் அச்சம் இவர்களையும் பாதித்தது மிகக் கொடிது. அப்பரிசோதனையிலே இவர்களது வயதினர் ஒருவர்கூட இருக்கவில்லை.

ஓமோனை விரும்பாதோருக்கும் ஏற்காதோருக்கும் வழிகள் உண்டு. அறிகை நடத்தைச் சிகிச்சை வெப்பவுணர்வின் தொல்லையையும் தூக்கமின்மையையும் குறைக்கும் எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. மனத்தளர்வுக்குரிய சில மருந்துகள் ஓரளவு பயன்தரும். முன்னர் குறிப்பிட்ட நரம்புக்கலங்களின் வாங்கியைத் தடுக்கும் பெசொலினெடாண்ட் என்ற ஓமோனல்லாத மருந்து 2023இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அரிதாகக் கடும் ஈரற்பாதிப்பு ஏற்படக்கூடும் என்ற எச்சரிக்கை 2024இல் அதனுடன் சேர்க்கப்பட்டது. மூலிகைகளைப் பொறுத்தவரை விளம்பரம் மிகுதி, சான்று சொற்பம்.

பிரித்தானியாவிலே 2021ஐ அடுத்துத் தொலைக்காட்சியும் பாராளுமன்றமும் இவ்விடயத்தைப் பேசத் தொடங்கியதும் கேள்வி திடீரெனப் பெருகி, 2022இல் ஜெல்லுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2023 ஏப்பிரல் முதல் இங்கிலாந்திலே இரண்டு மருந்துச்சீட்டுக் கட்டணத்துடன் ஓராண்டு முழுவதும் ஓமோன் மருந்து பெறும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. செலவு குறையாதவரை இது வசதியுடையோரின் சிகிச்சையாகவே இருக்கும் என்பதை அங்குள்ள இயக்கங்கள் உணர்ந்திருந்தன. எமது நாட்டிலே அரசாங்க சுகாதார சேவையின்கீழ் 1996 முதல் ‘சுவநாரி’ எனப்படும் நலமகளிர் பரிசோதனை நிலையங்கள் இயங்கிவருகின்றன. 35 வயதைக் கடந்த பெண்கள் கட்டணமின்றி அங்கு செல்லலாம். குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன அங்கு சோதிக்கப்படுகின்றன. ஓமோன் சிகிச்சையைப்பற்றி ஒரு வைத்தியருடன் பேசுவதற்குமுன் கையில் இருக்கவேண்டிய விவரங்களிற் பெரும்பகுதி இச்சோதனைகளிலேயே கிடைத்துவிடுகின்றது.